பத்துப் பருவங்களுக்கு முன்னால் ஒரு பழஞ்சீலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகளைத் தளராமல் கடந்து வருவது எளிய செயலன்று. பத்து என்னும் எண்ணோ தமிழுக்கு மிகவும் உவப்பானது. சங்க நூல்களுள் ஒரு தொகுதி பத்துப்பாட்டு. சேர மன்னர்களின் புகழைப் பேசுவது பதிற்றுப்பத்து. திருக்குறளில் அதிகாரத்திற்குப் பத்துக் குறள். பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. இவற்றுள் பிள்ளைத்தமிழைப் பத்தாண்டு நிறைவு காணும் அவையில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. ஏனெனில் பத்து ஆண்டு அகவையுடைய இவ்வட்டமும் ஒரு பிள்ளையே.

பாட்டியல் விட்ட இடம்

பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடி வழி வகுத்தார். கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையைப் பெண்பிள்ளையாக்கிப் பாடி அவ்வகையின் உச்சியைத் தொட்டார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற் பிள்ளைகளுக்கும் பொது. எஞ்சிய மூன்றும் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் ஈறாக, ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒரு பருவம் எனப் பாட்டியல் நூலார் கணக்கு வகுத்தனர். காப்புப் பருவத்தை இரண்டாம் திங்களில் வைப்பாரும் உளர்.

இந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. குழந்தை பிறந்த நாள் முதல் காப்புப் பாடத் தொடங்கும் நாள் வரையுள்ள ஏறத்தாழ அறுபது நாள்களுக்குப் பாட்டு இல்லை. தலையை நிமிர்த்திச் செங்கீரை ஆடும் குழந்தையைப் புலவர் கண்டார். கைகொட்டும் குழந்தையைக் கண்டார். நிலவைக் கைநீட்டி அழைக்கும் குழந்தையைக் கண்டார். தலை நிற்காமல், கண் தெளியாமல், துணிச்சுருளுக்குள் உறங்கும் குழந்தையை அவர் காணவில்லை. காணாமைக்குக் காரணம் தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அந்த அறுபது நாளும் குழந்தை பேறுகால அறைக்குள் இருந்தது. அங்கே ஆடவருக்கு நுழைவில்லை. அங்கே அறிவுடையோராய் விளங்கியவர்கள் ஏடெழுதாத பெண்கள்: அம்மாயி, ஆத்தா, மருத்துவச்சி, வண்ணார் வீட்டுப் பெண். அவர்கள் கையிலிருந்த நூல் ஓலையில் எழுதப்பட்டதன்று, தறியில் நெய்யப்பட்டது. பிறந்த குழந்தையைச் சுற்றிய பழஞ்சீலைத் துண்டே அது. பாட்டியல் விட்ட இடத்தை நிரப்பிய அந்தத் துணியைப் பற்றியதே இவ்வுரை.

அறுவையும் துணியும்

துணியைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. கலிங்கம், துகில், ஆடை, அறுவை, துணி என அவை நீளும். தறியிலிருந்து அறுக்கப்படுவதால் அறுவை, துணிக்கப்படுவதால் துணி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவரின் பெயரிலேயே துணி வணிகம் இருக்கிறது. இன்று அறுவை என்றால் மருத்துவமனையின் அறுவை அறையே நினைவுக்கு வருகிறது. தொப்புள்கொடி அறுபட்ட கணத்தில் குழந்தையைத் தாங்குவதும் ஓர் அறுவைதான் என்பது மொழி தற்செயலாய்க் காட்டும் நயம்.

பாம்பு உரித்த தோலைப் போல மெல்லிய அறுவையைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது. நூல் நூற்ற பெண்களைப் பருத்திப் பெண்டிர் எனப் புறநானூறு குறிக்கும். அவர்கள் கையிலிருந்த பஞ்சு பனுவல் எனப்பட்டது. நூலும் பனுவலும் இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். இவ்வொப்புமையை விரித்துரைத்த நன்னூலாசிரியர் பவணந்தி முனிவரைப் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்று கொங்கு மக்கள் போற்றுவர். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உவமித்த மரபுக்கு உரிமை கொண்டாடும் மண்ணில், குழந்தையின் முதல் துணியைப் பேசுவது இலக்கியத்திற்குப் புறம்பான பேச்சாகாது.

ஏன் பழஞ்சீலை?

கொங்கு நாட்டில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்துவதில்லை. தீட்டுக் கழியும் வரை பழந்துணியே. அதுவும் யாருடைய பழந்துணி என்பதில் கருத்தாக இருப்பார்கள். நெடுங்காலம் நோயின்றி வாழ்ந்த மூத்தோரின் சீலையோ வேட்டியோ பெட்டியிலிருந்து எடுக்கப்படும். அம்மாயி பின்கொசுவம் வைத்துக் கட்டி, தேய்ந்து மெலிந்த பதினாறு முழ நூல்சீலை. அப்பிச்சியின் வெள்ளை வேட்டி. அவர்களின் ஆயுள் பேரப்பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆயுள் துணியின் வழியே வருமா என்று கேட்பவர்கள், அந்த நம்பிக்கைக்குள் பொதிந்திருக்கும் கைப்பழக்கத்தையும் சற்றே நோக்க வேண்டும்.

தறியில் ஏறும் முன் பாவு நூல் கஞ்சியில் தோய்கிறது. நெசவாளர் குடியிருப்புகளில் விடியற்காலையில் தெருநீளம் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் காட்சியைக் கண்டவர்கள் இதனை அறிவர். கஞ்சி இழையை இறுக்குகிறது. தறியில் அறுபடாமல் காக்கிறது. ஆனால் அதே கஞ்சி புதுத்துணியை விறைப்பாக்குகிறது. நீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. புதுத்துணியின்மேல் ஒரு துளி நீர் விட்டால் அது முத்துப்போல் சற்று நேரம் நிற்கும். பலமுறை துவைத்த சீலையின்மேல் விட்டால் உடனே பரவி மறையும். பிறந்த குழந்தைக்கு வேண்டியது இரண்டாவது துணி. நூறு முறை துவைக்கப்பெற்ற பருத்தியில் கஞ்சி இல்லை, ஒட்டாத சாயம் இல்லை, விறைப்பு இல்லை. நீரை ஈர்க்கும், காற்றை விடும், குழந்தையின் தோலை உராயாது. "பெரியவர்கள் உடுத்த துணி" என்று நம்பிக்கை சொன்னதை, "நன்கு துவைத்து மென்மையான பருத்தி" என்று அறிவியல் சொல்கிறது.

ஈரம் என்னும் பகை

தாயின் வயிற்றுக்குள் வெதுவெதுப்பில் மிதந்த உயிர் வெளியே வரும்போது நனைந்து வருகிறது. அந்த ஈரமே அதன் முதற்பகை. பெரியவர்கள் குளிரில் நடுங்குவார்கள். அந்நடுக்கம் உடலுக்குச் சூடு தரும். பிறந்த குழந்தையோ அவ்வாறு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள இயலாதது. தோளிடையிலும் கழுத்திலும் சேமித்து வைத்த பழுப்புக் கொழுப்பை எரித்தே அது சூடு காக்கிறது. எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் மிகக் குறைவு.

குழந்தையின் உடற்சூடு நான்கு வழிகளில் வெளியேறுகிறது. ஈரம் ஆவியாவதால் ஒன்று. குளிர்ந்த பொருளைத் தொடுவதால் ஒன்று. காற்று வீசுவதால் ஒன்று. அருகிலுள்ள குளிர்ந்த சுவரை நோக்கிச் சூடு கதிர்வீசிச் செல்வதால் ஒன்று. உடற்சூடு 36.5 பாகைக்கும் 37.5 பாகைக்கும் இடையே நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பேறுகால அறை 25 பாகைக்குக் குறையாத வெம்மையுடன் இருக்க வேண்டும் என்பதும் அதன் அறிவுரை.

ஆகவே முதல் துணிக்குப் பணி போர்த்துவதன்று, துடைப்பது. ஈரோட்டுப் பக்கத்து ஈரிழைத் துண்டு இதற்கென்றே நெய்தாற்போல் நீரை ஈர்க்கும். துடைத்த துணியை உடனே நீக்கிவிட வேண்டும். துடைத்த ஈரத்துணியிலேயே குழந்தையைச் சுற்றி வைப்பது துடைக்காமல் விடுவதற்கு ஒப்பு. உலர்ந்த இரண்டாம் துணி அருகில் ஆயத்தமாக இருக்க வேண்டும். துணிக்கு முன்னே குழந்தைக்கு உரியது தாயின் மார்பு. குழந்தையைத் தாயின் தோலோடு தோலாகக் கிடத்தி, இருவரையும் சேர்த்து அந்த இரண்டாம் துணியால் போர்த்துவதே முதற்போர்வை. தலை திறந்திருந்தால் சூடு அவ்வழியே மிகுதியாக வெளியேறும். தலைக்கு ஒரு குல்லா வேண்டும்.

பழைய வழக்கங்களுள் ஒன்றை இங்கே விட்டுவிடத்தான் வேண்டும். பிறந்தவுடன் குழந்தையைக் குளிப்பாட்டுவது தூய்மை என்று கருதப்பட்டது. முதற்குளியலை 24 மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ அறிவு. பழஞ்சீலையைக் கொண்ட மரபு அறிவுடையது என்பதற்காக, அம்மரபின் ஒவ்வொரு செயலும் அறிவுடையது என்று ஆகிவிடாது. கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவதே மரபைப் போற்றும் முறை.

தெரிவு செய்யும் முறை

நூலின் நயத்தை எண்ணால் குறிப்பது கொங்கு நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையாகிறதோ அதுவே நூலின் எண். எண் உயர உயர இழை மெலியும். இருபதாம் எண் நூலில் நெய்த துணி தடிமனானது; போர்வைக்கும் விரிப்புக்கும் ஏற்றது. அறுபது, எண்பது எண்களில் நெய்த சீலைத்துணி மெல்லியது. குழந்தையைச் சுற்ற ஏற்றது. கோவை மண்ணில் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்போடியாப் பருத்தியும், கரிசலில் மழையை நம்பி விளைந்த கருங்கண்ணியும் ஒரு காலத்தில் இந்நூலுக்கு வித்திட்டவை. உலகின் மிக நீண்ட இழைப் பருத்திகளுள் ஒன்றாகிய சுவின், 1974-இல் கோவையில் உருவாக்கப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது.

பருவத்தை நோக்கியும் துணி மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று புகும்போது கோவையிலும் பொள்ளாச்சியிலும் காற்றைத் தடுக்கும் இரட்டை மடிப்பு வேண்டும். வால்பாறையின் பனிக்கு அதன்மேல் ஒரு பிளானல் வேண்டும். சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ பிறக்கும் குழந்தைக்கு ஒற்றை மல் துணி போதும். பெரியவர் உடுத்தியிருப்பதைவிட ஓர் அடுக்குக் கூடுதலாக இருக்கலாம் என்பது பொதுவான அளவு. கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் வியர்வை தெரியும். வியர்த்தால் ஓர் அடுக்கை நீக்க வேண்டும். வயிறும் பாதமும் குளிர்ந்திருந்தால் தாயின் மார்பில் சேர்க்க வேண்டும். சூடு குறைவதைப்போலவே கூடுவதும் குழந்தைக்குத் தீங்கு.

தள்ளத் தக்கவையும் உண்டு. சரிகை, சம்கி, மணி வைத்த துணி ஆகாது. ஊக்கு ஆகாது. பட்டும் செயற்கை இழையும் ஆகா. பளபளக்கும் மெத்தென்ற செயற்கைப் போர்வைகள் பரிசுப் பொட்டலங்களில் வந்து குவிகின்றன. அவை கைக்கு இதமானவை. ஆயினும் ஈரத்தை ஈர்க்கமாட்டா. சிறுநீர் துணியில் ஏறாமல் தோலிலேயே தங்கிப் புண்ணாக்கும். அடர்நிறச் சாயங்களையும் விலக்குவது நல்லது. சில வகை அசோ சாயங்களைச் செர்மனி 1994-இல் விலக்கியது. இந்திய அரசு 1997-இல் எழுபது அசோ சாயங்களைத் தடை செய்தது. சாயத்தின் தீமை உடுப்பவரோடு நிற்பதில்லை. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதை ஒரத்துப்பாளையம் அணையை அடுத்த உழவர்கள் அறிவார்கள். 2011-இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டி வந்தது. குழந்தைக்கு வெள்ளைத் துணி போதும் என்பது ஆற்றுக்கும் நல்லது.

செய்யும் முறை

பழைய நூல்சீலை ஒன்றில் குழந்தைக்கான துணிகள் பல கிடைக்கும். முதலில் சீலையை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். உட்காரும் இடத்தில் இழை நைந்து ஒளி மிகுதியாகத் தெரியும். அப்பகுதியை இடுப்புத் துணிக்கு ஒதுக்கலாம். கரையும் முந்தியும் தடித்தவை, அவற்றை நீக்கிவிடலாம். எஞ்சிய உடற்பகுதியே சுற்றும் துணிக்கு உரியது. கத்தரியால் ஒரு வெட்டு வைத்துக் கையால் கிழித்தால், இழை போகும் போக்கிலேயே கிழிசல் நேராகச் செல்லும். இரண்டு முழச் சதுரம் பிறந்த குழந்தைக்குப் போதும். சற்று வளர்ந்தால் இரண்டரை முழம் வேண்டும்.

விளிம்பை இருமுறை மடித்துத் தைக்க வேண்டும். இது அழகுக்கன்று. பிசிர்நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டு குருதியோட்டத்தைத் தடுத்துவிடுவது உண்டு. காரணம் தெரியாமல் வீறிட்டு அழும் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவது இதனால்தான். குளிர்காலத்திற்கு இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓட்டுத் தையல் இட்டால், இரண்டிற்கும் இடையே தங்கும் காற்றே சூட்டைக் காக்கும்.

தைத்தபின் கொதிநீரில் அமிழ்த்தி, வெயிலில் நன்றாக உலர்த்தி எடுக்க வேண்டும். நீரும் கருதத் தக்கது. சிறுவாணி நீரில் சோப்பு எளிதில் நுரைக்கும், எளிதில் போகும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் சோப்பு திரிந்து துணியிலேயே படியும், துணி விறைக்கும். அத்தகைய ஊர்களில் கடைசி அலசலுக்கேனும் மழைநீரோ குடிநீரோ வேண்டும்.

சுற்றும் முறை

குழந்தையைத் துணியில் சுற்றும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. பெத்லகேமில் பிறந்த இயேசுவைத் துணியில் சுற்றிக் கிடத்தியதை லூக்கா நற்செய்தி கூறும். ஐரோப்பாவில் நாடாத் துணிகளால் குழந்தையைக் கட்டைபோல் இறுக்கிச் சுற்றினார்கள். 1762-இல் வெளிவந்த எமில் என்னும் நூலில் ரூசோ இவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். இறுக்கத்தின் தீமையைப் பின்னாளில் சப்பான் எண்ணிக்கையோடு காட்டியது. அங்கே குழந்தையின் கால்களை நேராக நீட்டிக் கட்டும் வழக்கம் இருந்தது. இடுப்பு மூட்டு விலகிய குழந்தைகள் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் மூன்றரை வரை இருந்தனர். 1975-ஐ ஒட்டி நாடு தழுவிய இயக்கம் நடத்திக் கால்களைத் தளர விடுமாறு தாய்மார்க்குக் கற்பித்தனர். அதன்பின் அவ்வெண்ணிக்கை 0.2 அளவுக்கு இறங்கியது. ஊசியும் மருந்தும் இல்லாமல், ஒரு துணி முடிச்சைத் தளர்த்தியதால் விளைந்த நன்மை இது.

எனவே மார்பளவில் துணி அணைவாக இருக்கலாம். ஒரு பெரியவரின் விரல்கள் இரண்டு உள்ளே நுழையும் அளவு இடம் வேண்டும். இடுப்புக்குக் கீழே குழந்தை முழங்காலை மடக்கி, தவளையைப்போல் அகற்றி வைத்துக்கொள்ளத் தளர்வு வேண்டும். துணி முகத்தருகே ஏறக் கூடாது. மல்லாந்த நிலையிலேயே கிடத்த வேண்டும். உறக்கத்தில் திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும் இயல்பு குழந்தைக்குச் சில திங்கள் இருக்கும். சுற்றிய துணி அதனை அமைதிப்படுத்துகிறது. குழந்தை புரள முயலத் தொடங்கிய அன்றே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். புரண்டு குப்புற விழுந்த குழந்தைக்குக் கை கட்டுண்டிருந்தால் அது உயிருக்கே இடர்.

தூளியைப் பற்றியும் ஒரு சொல். தமிழரின் தாலாட்டு முழுவதும் தூளியின் அசைவில் பிறந்தது. தால் என்பது நா. நாவசைத்துப் பாடும் பாட்டுக்குத் தூளியின் ஆட்டமே தாளம். ஆயினும் தலை நிற்காத குழந்தை தூளிக்குள் வளைந்து கிடக்கையில் தாடை மார்பில் படிந்து மூச்சுக்குத் தடையாகலாம். முதல் சில வாரங்கள் தாயருகே சமமான விரிப்பே நல்லது. வளர்ந்த பிள்ளைகள் காலித் தூளியில் ஆடி, சீலை கழுத்தில் முறுக்கி உயிரிழக்கும் செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. பயன்படாத நேரத்தில் தூளியை அவிழ்த்துவிடுவது தாலாட்டுக்கு இழுக்காகாது.

துவைத்த கைகள்

பழஞ்சீலையின் வரலாற்றில் இருள் படிந்த பக்கங்களும் உண்டு. பேறுகாலத் துணிகளைத் துவைத்தவர்கள் வண்ணார் குலப் பெண்கள். உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டு அவர்கள் செய்த தூய்மையால்தான் பல குழந்தைகள் பிழைத்தன. பிள்ளையை ஏந்தி எடுத்தவள் மருத்துவச்சி. குழந்தையின் முதல் இரு துணிகளைத் தொட்ட இவ்விருவரையும் தீட்டு என்று கொல்லைப்புறத்தில் நிறுத்திய ஊர்கள் அவை. உயிரைக் காத்த கையைத் தீண்டாத கை என்று ஒதுக்கியது பெருங்கொடுமை. பழஞ்சீலையின் பெருமையைப் பேசும் எவரும் அதைத் துவைத்தவரின் பெயரை மறந்து பேசுதல் அறமாகாது.

எல்லாக் குழந்தைக்கும் அந்தத் துணி கிடைத்துவிடவும் இல்லை. பெண்ணாய்ப் பிறந்ததனாலேயே துணியும் பாலும் மறுக்கப்பட்ட சிசுக்கள் கொங்கின் வடகிழக்கே சேலம், தருமபுரிப் பக்கங்களில் இருந்தன. 1992-இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததே அதற்குச் சான்று. மீனாட்சியம்மையைப் பெண்பிள்ளையாக்கிப் பத்துப் பருவம் பாடிய மொழியைப் பேசும் மக்கள், தம் வீட்டுப் பெண்பிள்ளைக்கு முதற்பருவமும் எட்டாமல் செய்தார்கள். பாட்டில் விடுபட்ட அந்த அறுபது நாளில்தான் அக்குழந்தைகள் மறைந்தன என்பதை எண்ணும்போது, அவ்விடைவெளி இலக்கியக் குறை மட்டுமன்று என்பது புலப்படும்.

அரசும் அறிவியலும்

குழந்தையின் முதல் துணி ஒரு வீட்டின் கவலை மட்டுமன்று என்பதை உணர்ந்த நாடு பின்லாந்து. 1938 முதல் ஏழைத் தாய்மார்க்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்க்கும் அந்நாட்டு அரசு துணியும் போர்வையும் அடங்கிய பெட்டியை வழங்கி வருகிறது. தமிழ்நாட்டில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் துவாலை, உடுப்பு, படுக்கை, கொசுவலை உள்ளிட்ட பதினாறு பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் தொடங்கப்பெற்றது. செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் கூலியாள் வீட்டுக் குழந்தைக்கும் முதல் துவாலை ஒன்றாக இருப்பது சிறிய சமத்துவமன்று.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் அடைகாப்புப் பெட்டிகள் போதாத நிலையில், மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு துணியால் கட்டி வைக்கும் முறையைக் கண்டார். கங்காரு முறை எனப்படும் இதனைப் பிறந்தவுடனேயே தொடங்கினால் எடை மிகக் குறைந்த குழந்தைகளின் இறப்பு நூற்றுக்கு 25 அளவில் குறைகிறது என்று, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயிற்றில் சுமந்த பிள்ளையைத் துணி மீண்டும் தாயின் உடலோடு சேர்க்கிறது. அதற்கு வேண்டுவது மின்சாரமன்று. ஒரு நீளத்துணியும் தாயின் வெம்மையுமே.

இன்றைய இடர்

இன்று கொங்கு நாட்டிற்கு வந்துள்ள இடர் விந்தையானது. துணியால் வாழும் நாடு இது. கோவையில் 1888-இல் முதல் நூற்பாலை எழுந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராசாசி நிறுவிய காந்தி ஆசிரமம் கதரை வளர்த்தது. சென்னிமலை போர்வை நெய்கிறது. திருப்பூர் உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பனியன் உடுப்புத் தைத்து அனுப்புகிறது. இத்தகைய நாட்டில், பிறந்த குழந்தையைச் சுற்றப் பெட்டியைத் திறந்தால் பழைய பருத்திச் சீலை இல்லை!

காரணம் வெளிப்படை. 1970-களுக்குப் பின் துவைக்க எளிய, தேய்க்க வேண்டாத செயற்கை இழைச் சேலைகள் அன்றாட உடையாயின. வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அவை தந்த எளிமையைக் குறை கூற இயலாது. பின்னர்ச் சேலையே நைட்டிக்கும் சுடிதாருக்கும் இடம் விட்டது. இன்றைய அம்மாயியின் பெட்டியில் உள்ள பழைய சேலை நீரை ஈர்க்காத சேலை. பெரியவர் உடுத்த துணி என்னும் நம்பிக்கை மட்டும் எஞ்சி, அந்நம்பிக்கைக்கு உயிர் தந்த பருத்தி போய்விட்டது. திருப்பூரின் லைன் வீடுகளில், தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து தையல் எந்திரத்தின் முன் அமரும் இளம் தாய்மார்க்கோ அம்மாயியே அருகில் இல்லை.

பிறவாத பிள்ளைக்கு முன்கூட்டித் துணி வாங்குதல் ஆகாது என்னும் தயக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் பேறுகாலம் நெருங்கியும் துணி ஆயத்தமாவதில்லை. பிறந்தபின் கடைக்கு ஓடிப் புதுத்துணியைத் துவைக்காமலே சுற்றுகிறார்கள். இதற்கு மரபுக்குள்ளேயே ஒரு வழி உண்டு. வளைகாப்புக்கும் கட்டுச்சோற்றுக்கும் வரும் உறவினர் பட்டும் செயற்கைப் போர்வையும் கொணர்வதை விட்டு, கைத்தறிப் பருத்திச் சேலை இரண்டைத் தாயாகப் போகிறவளுக்கே தரலாம். வெளிர்நிறமாக, சரிகை இல்லாததாகத் தேர்ந்து தரலாம். அவள் அவற்றை அன்றாடம் உடுத்தட்டும். ஒன்று மாற்றி ஒன்று துவைக்கட்டும். ஏழாம் திங்களில் தந்த சேலை பிள்ளை பிறப்பதற்குள் முப்பது முறையேனும் நீரில் அலசப்பட்டிருக்கும். கஞ்சி போயிருக்கும், சாயம் நின்றிருக்கும். பிறவாத பிள்ளைக்கென்று எவரும் எதையும் வாங்கவில்லை. ஆயினும் பிள்ளைக்கு வேண்டிய பழஞ்சீலை ஆயத்தமாகிவிட்டது. நம்பிக்கையும் கெடவில்லை, அறிவியலும் கெடவில்லை. அதனோடு ஒரு நெசவாளர் வீட்டில் தறி இரண்டு சேலை அளவு ஓடியிருக்கும்.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டுகளாக ஏட்டிலுள்ள நூல்களை ஆய்ந்தது. பதினோராம் ஆண்டில் ஏட்டில் ஏறாத நூலையும் ஆயலாம். கொங்கு ஊர்களில் எண்பது அகவை கடந்த மூதாட்டியர் இன்னும் இருக்கிறார்கள். சீலை, தூரி, அருணாக்கயிறு என அவர்கள் வழங்கும் பேறுகாலச் சொற்களும், துணி கிழித்த கைப்பழக்கமும், பாடிய தாலாட்டும் அவர்களோடு மறைந்துவிடக் கூடாது. துவைத்த பெண்களின் நினைவுகளும், ஏந்திய மருத்துவச்சியரின் நினைவுகளும் அத்தொகுப்பில் இடம்பெற வேண்டும். அவை ஒருங்கே எழுதப்படும் நாளில், பாட்டியல் விட்ட அறுபது நாளுக்கும் ஒரு பனுவல் கிடைக்கும்.

அப்பனுவல் வரும் வரை, கொங்கு நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், உலர்ந்த, தூய, மெல்லிய பருத்தித் துணி ஒன்று காத்திருக்கட்டும்.

வாழ்க இலக்கிய வட்டம்! வளர்க தமிழ்!